மருந்தைக் குறைக்கும்போது மலையகத் தோட்டங்களில் நடக்கும் தவறுகள்

2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்தபோது மலையகத்து மரக்கறித் தோட்டங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். நவம்பரில் தடை நீங்கியது. அதே அவசரத்தில் இன்றும் பலர் யூரியாவையும் மருந்துப் போத்தலையும் ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு, மண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

நம்முடையது புளிப்பு மண். தேயிலைக்கு அது நல்லது, கோவாவுக்கு (முட்டைக்கோசுக்கு) ஆகாது. வெயிலில் கோவா இலை வாடினால் பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன். பிறகு செடியைப் பிடுங்கினால் வேர் கழலை கழலையாக வீங்கிக் கிடந்தது. புளிப்பு மண்ணில் பெருகும் அந்த நோய்க்கிருமி மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும், இலையில் அடிக்கும் மருந்து அதைத் தொடாது. நடுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே டொலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து புளிப்பைக் குறையுங்கள். நோய் வந்த பாத்தியில் சில வருடங்களுக்கு லீக்ஸ், கரட், போஞ்சி என்று மாற்றிப் போடுங்கள். வீங்கிய வேரைக் கூட்டெருக் குவியலில் போடவே கூடாது. மண்வெட்டியில் ஒட்டிய சேற்றையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள். உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் டொலமைட்டையோ சாம்பலையோ அள்ளிக் கொட்டாதீர்கள், கிழங்கின் தோல் சொறி பிடிக்கும்.

இயற்கை எருதானே என்று பச்சைக் கோழி எருவைப் போடுவது அடுத்த தவறு. வேர் கருகும். மழையில் கரைந்து வடிகானில் இறங்கி, கீழே இருப்பவர்கள் குடிக்கும் ஓடையில் கலக்கும். அதை மக்க வைத்தே போடுங்கள். நுவரெலியாக் குளிரில் குவியல் மெதுவாகத்தான் மக்கும். சிறிதாக நறுக்கி, அடிக்கடி கிளறிவிடுங்கள். ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தியைப் பூக்குமுன் வெட்டிச் சேர்த்தால் நல்ல தழைச்சத்து.

களை என்று சரிவைச் சுரண்டி மொட்டையாக்கினால் ஒரே மழையில் மேல்மண் போய்விடும். பாத்தி ஓரத்தில் புல் இருக்கட்டும், வெட்டிய களையைச் செடியடியில் பரப்புங்கள். வீட்டு முன் புல்தரையையும் ஒட்ட வெட்டாதீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் பாசியும் களையும் ஏறும்.

துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு அடிப்பவர்களும் உண்டு. இலை கருகிவிடும். சவர்க்காரக் கட்டியில் கொஞ்சம் கரைத்து, முதலில் இரண்டு இலையில் தெளித்துப் பாருங்கள். தெளிக்குமுன் பொறிவண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அசுவினியை அதுவே தின்னும். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் மாலையில் இலை நனையத் தண்ணீர் விடவேண்டாம். பனிமூட்டத்தில் விடியும்வரை ஈரம் காயாது, இலையைக் கருக்கும் வெளிறல் நோய் வர அது போதும். காலையில், செடியடியில் ஊற்றுங்கள்.