லண்டன் டிக்கெட்டில் நேரம் பார்க்கும்போது

பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் இரவு 7.30க்கு லண்டன் என்று டிக்கெட்டில் இருக்கும். "ஆறரை மணித்தியாலம்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். அதையும் கூட்டினால் 11. குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை. தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம்.

அப்புறம், திருகோணமலைக்காரர் மறக்கிற கணக்கு ஒன்று: வான் வண்டியில் கட்டுநாயக்க போகவே ஐந்தாறு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். இருட்டோடு வெளிக்கிட்டால் கந்தளாய், ஹபரணைப் பக்கம் யானை நிற்கும். அதற்கும் அரை மணித்தியாலம் போட்டுக்கொள்ளுங்கள்.