பிழை பிடிக்கும் போட்டிக்கு முதல்முறை போகிறீர்களா?

செயலிகளில் பிழை கண்டுபிடிக்கும் போட்டியில் சேர நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் கொஞ்சம் குறும்பும் போதும்.

1. முதலில் விதிமுறையை வாசியுங்கள். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதற்குப் பெயர் சோதனை அல்ல. பாதுகாப்பு ஓட்டை ஏதும் கண்ணில் பட்டால், நண்பர்களிடம் சொல்லாமல் அமைப்பாளருக்கு மட்டும் தெரிவியுங்கள்.

2. செயலியைப் புதிதாக நிறுவி, அதன் பதிப்பு எண், கைப்பேசி மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இனிதான் வேட்டை. தோவாளை பூச்சந்தைக்கு ஒரு விற்பனைச் செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிச்சிப்பூ எத்தனை கிலோ என்று கேட்கும் கட்டத்தில் 2 போட்டால் எந்தச் செயலியும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்ளும். 0 போடுங்கள். -1 போடுங்கள். பிறகு 2.5, 99999. ஆர்டர் பொத்தானைச் சட்டென்று இரண்டு முறை அழுத்துங்கள். ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவானால் நல்ல மீன் சிக்கியது என்று பொருள். பாதி வேலையில் இணையத்தை அணைத்துப் பாருங்கள். கோதையாறு மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது என்ன ஆகும் என்பதை வீட்டிலிருந்தே அறிய இதுதான் வழி.

நமக்கென்று ஓர் ஆயுதம் உண்டு: தமிழ். ‘கன்னியாகுமரி’ நம் கணக்கில் 7 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில், புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 12 குறியீடுகள். குறியீடுகளை எண்ணி 10 என்று வரம்பு வைத்த கட்டத்தில் நம் மாவட்டம் ‘கன்னியாகும’ என்று நின்றுவிடும். கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டுவிட்டு, ஒற்றைத் தலைப்பெழுத்தை ஏற்காத படிவமும் அப்படித்தான். இதை வெளியூர்ச் சோதனையாளர் பலர் யோசிக்கவே மாட்டார்கள்.

4. கண்டதை மீண்டும் செய்து பாருங்கள். மூன்று முறையும் வந்தால் சந்தேகமே இல்லை. எப்போதாவது மட்டும் வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

5. அறிக்கைதான் மதிப்பெண் தருவது. என் முதல் அறிக்கை ‘ஆர்டர் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வரி. திருப்பி அனுப்பிவிட்டார்கள், அனுப்பியது சரிதான். இப்படி எழுதியிருக்க வேண்டும்:

தலைப்பு: அளவில் -1 கொடுத்தால் மொத்தத் தொகை குறைகிறது.
செய்தது: பிச்சிப்பூவைத் தேர்ந்தெடுத்தேன், அளவில் -1 இட்டேன், கூடையைத் திறந்தேன்.
நடந்திருக்க வேண்டியது: அளவு தவறு என்ற எச்சரிக்கை.
நடந்தது: எச்சரிக்கை இல்லை, ஒரு கிலோவின் விலை கழிக்கப்பட்டது.

ஓர் அறிக்கையில் ஒரு பிழை மட்டும். அதே பிழையை வேறு யாரேனும் முன்பே பதிந்திருக்கிறார்களா என்று பட்டியலில் தேடிப் பாருங்கள். திரைப்பதிவு இணைத்தால் நல்லது. அதில் தெரியும் உங்கள் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.