எலி மெலிந்தது சரி, தீவனம் எங்கே போனது?

சுண்டெலிகளில் தீவனச் சோதனை செய்யப் புதிதாக வந்தவர்கள் எடை வரைபடத்தை ஆர்வத்தோடு நீட்டும்போது எனக்கு என் பழைய நோட்டுதான் நினைவுக்கு வரும். தராசைச் சரிபார், கூண்டுக்கு எண் ஒட்டு என்பதை யாரும் சொல்லித்தருவார்கள். அதை விடுகிறேன்.

சிந்தியதைத் தின்றதாக எழுதுவது

கலோரியில் 60 சதவீதம் கொழுப்புள்ள தீவனம். ஒரு குழுவுக்கு அதில் கசப்பான தாவரச் சாறு ஒன்றைக் கலந்தும், மற்றதற்குக் கலக்காமலும் 12 வாரம் கொடுத்தேன். வைத்ததில் மிஞ்சியதைக் கழித்தால் இரண்டு குழுவுக்கும் ஒரே கணக்கு, நாளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம். சாறு குழு மட்டும் இளைத்தது. தீனி குறையவில்லை, ஆகவே உடல் அதிகம் எரிக்கிறது என்று எழுதியும் விட்டேன்.

காட்டிக்கொடுத்தது புழுக்கை. சாறு குழுவில் அது கண்ணுக்குத் தெரிந்தே குறைவு. என் கணக்குப்படி செரிமானம் கூடியிருக்கிறது; கூடுதலாகச் செரித்த எலி இளைப்பானேன்? கூண்டின் மரத்தூளைச் சல்லடையில் போட்டேன். மிளகளவு துணுக்குகள், ஓரத்தில் பல்தடத்தோடு. கொறித்துப் பார்த்து உதறியிருக்கின்றன. அந்தத் தீவனம் மெத்தென்று இருக்கும், எளிதில் உதிரும். அரை கிராம் சிந்தினாலே நாளின் சக்தியில் ஆறில் ஒரு பங்கு போச்சு. அரைப்பட்டினிக்கு நான் வளர்சிதை மாற்றம் என்று பெயர் வைத்திருந்தேன்.

சிந்தியதைச் சலித்து எடை போடுங்கள். இன்னொரு குழுவுக்குச் சாறில்லாத அதே தீவனத்தை, சாறு குழு முந்தைய நாள் உண்மையில் தின்ற அளவுக்கே கொடுங்கள். அதுவும் அதே போல் இளைத்தால் உங்கள் சாறு செய்தது வாயைக் கெடுத்ததுதான். (அளவுத் தீனியை எலி ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் பட்டினி கிடக்கும், இரண்டாகப் பிரித்து வையுங்கள்.) கூடுதல் குழுவுக்கு இடமில்லை என்பார்கள். 12 வாரத்தை மறுபடி ஓட்ட மட்டும் இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

ஒப்பீட்டுக்குத் தானியத் தீவனம்

கொழுப்புத் தீவனத்துக்கு ஒப்பீடாக வழக்கமான தானியத் தீவனத்தை வைப்பதும் தவறு. தானியத்தில் கரையும் நார் உண்டு. சுத்திகரித்த கொழுப்புத் தீவனத்தில் நார் என்றால் பெரும்பாலும் செல்லுலோஸ்தான். குடல் மாறியது கொழுப்பாலா, நார் போனதாலா என்று பிறகு பிரிக்க முடியாது. அதே மூலப்பொருள்களில் செய்த 10 சதவீதக் கொழுப்புத் தீவனம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஒரு கூண்டு, ஐந்து எலி

ஒன்றின் புழுக்கையை மற்றது தின்னும். குடல் நுண்ணுயிர்க் கணக்கில் அது ஐந்து மாதிரியல்ல, ஒன்று.

எலி அளவு மனிதருக்கு

சுண்டெலிக்குக் கொடுத்த, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்ணை மனிதருக்கு அப்படியே எடுக்காதீர்கள்; முதலில் 12-ஆல் வகுங்கள்.