வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் பயாஸ் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இஎல்34-க்கு எத்தனை மில்லி ஆம்பியர் வைக்கணும்?" இஎல்34 ஒரு பவர் வால்வு. பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது அதில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று வைப்பதுதான் பயாஸ். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். பதிலாகக் கிடைத்த எண் ஒரு ஜோடி வால்வைத் தின்றது. (ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் நிற்கும் என்பது தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.)

அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்குவது

நண்பர் 50 என்றார், வைத்தேன். அவர் செட்டில் பிளேட்டுக்கு (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) வந்தது 350 வோல்ட். பெருக்கினால் 17.5 வாட். இஎல்34-இன் பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். அதில் எழுபது சதவீதம், ஃபிக்ஸட் பயாஸ் (வால்வின் கிரிட்டுக்குத் தனி மைனஸ் வோல்ட் கொடுப்பது) புஷ்-புல் (இரண்டு வால்வு மாறி மாறி வேலை செய்வது) செட்டுக்குச் சரியான அளவுதான். என் செட்டிலோ 430 வோல்ட். அதே 50 வைத்தால் 21.5 வாட்.

அதையும் தாங்கியிருக்கும். கெடுத்தது நான் அளந்த நேரம். மாலை ஏழு மணி, தெருவே விளக்குப் போட்டு வீட்டு மின்சார லைன் 210 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. நள்ளிரவில் 240. பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் 490. மின்னோட்டம் அசையாமல் நின்றிருந்தாலே 24.5 வாட், அதுவும் சேர்ந்து ஏறியது. நான் பாட்டு கேட்டபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சாம்பல் நிறப் பிளேட் அடுப்புக் கரி மாதிரி சிவந்திருந்தது.

லைன் ஏறியிருக்கும் நேரத்தில் முதலில் பிளேட் வோல்டேஜை அளங்கள். 17.5 வாட்டை அதால் வகுங்கள், ஆம்பியரில் விடை வரும். எனக்கு வந்தது 0.036, அதாவது 36 மில்லி ஆம்பியர். 50-க்கும் 36-க்கும் என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதுதான் இன்றைக்கும் எரிச்சல்!

டிரான்ஸ்ஃபார்மரில் 240 டேப் (240 வோல்ட் லைனுக்கான இணைப்பு) இருந்தால் அதில் மாற்றுங்கள். 220-இல் விட்டால், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9 வரை போகும்.

சூடேறும் முன் அளப்பது

அரை மணி பொறுங்கள். அப்புறம் இன்னொரு முறை பாருங்கள்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டுவது

வேண்டாம்.

ஆயுள் கூடும் என்று அளவுக்கு மீறிக் குறைப்பது

15-க்கு இறக்கினால் வால்வு நெடுநாள் இருக்கும், மெல்லிய குரலெல்லாம் கரகரக்கும்.

நீல ஒளிக்குப் பயப்படுவது

கண்ணாடியின் உட்புறம் நீலமாக மின்னுவது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. என்னிடம் பதறி வருபவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். பிளேட் சிவந்தால் மட்டும் எனக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் ஸ்விட்சை அணையுங்கள்.