பேஸ்ட் செய்யும் தரவு எங்கே போகிறது? பிரவுசர் கருவியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ உட்கார்ந்து, விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு சின்ன ஆப் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படகு எண், டிரைவர் பெயர், கூடப் போகிறவர்களின் செல்போன் எண், ஆதார் எண் எல்லாம் ஒரே ஜேசன் (JSON: தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதிவைக்கும் எழுத்து வடிவம்) கோப்பில் இருக்கின்றன. எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போய் ஆப் திறக்க மறுக்கிறது. உடனே, கோப்பை ஒழுங்குபடுத்திக் காட்டும் 'ஜேசன் பார்மேட்டர்' தளம் ஒன்றைத் தேடி, முதலில் வரும் தளத்தில் மொத்தக் கோப்பையும் பேஸ்ட் செய்துவிடுகிறோம்.

அந்தத் தளம் வேலையை உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டால் முடிக்கலாம். அல்லது தரவைத் தன் சர்வருக்கு அனுப்பி, விடையை வாங்கித் தரலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'உங்கள் தரவு வெளியே போகாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் நாமே சோதித்துவிடலாம். கணினியில் குரோம் இருந்தால் போதும்.

படி 1: போலித் தரவு. உண்மையான பட்டியலைத் தொடாதீர்கள். 111122223333 போன்ற எண்ணை வைத்து இரண்டு வரி ஜேசன் எழுதுங்கள். ஆதார் எண் 0, 1 இரண்டிலும் தொடங்காது. அதனால் இது யாருடைய எண்ணும் ஆகாது.

படி 2: போக்குவரத்தைப் பாருங்கள். இன்காக்னிட்டோ சாளரத்தில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாகக் காட்டும் நெட்வொர்க் தாவலுக்குப் போய், அந்த வரிகள் அழியாமல் இருக்க 'பிரிசர்வ் லாக்' என்பதை டிக் செய்யுங்கள். பழைய வரிகளை அழித்துவிட்டு, போலித் தரவை ஒட்டி, பார்மேட் பட்டனை அழுத்துங்கள். புதிய வரி எதுவும் வரவில்லை என்றால் நல்ல அறிகுறி. வந்தால் ஒவ்வொன்றையும் கிளிக் செய்து, முகவரியிலும், அனுப்பிய தரவைக் காட்டும் பேலோடு பகுதியிலும் உங்கள் எண் தெரிகிறதா என்று பாருங்கள். தரவை உள்ளே வைத்து அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில்தான் அது போகும் என்றில்லை, முகவரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு போகும். விளம்பரங்களால் வரிகள் குவிந்துகொண்டே இருந்தால் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள்.

படி 3: நெட்டை அணையுங்கள். பக்கம் முழுதாக ஏறியபின் வைஃபையை நிறுத்திவிட்டு, மறுபடி பார்மேட் செய்யுங்கள். வேலை நடந்தால் அது பிரவுசருக்குள்தான் நடக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்தால் சர்வர் தேவைப்படுகிறது என்று பொருள். (தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் தேடி அலைகிறவர்களுக்கு இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்!)

படி 4: திரும்ப இணையுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நெட் இல்லாதபோது தரவைப் பிரவுசர் சேமிப்பில் வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் அனுப்புகிற பக்கமும் இருக்க முடியும். அதனால் வைஃபையை மீண்டும் போட்டு, நெட்வொர்க் தாவலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

இன்று தேறிய தளம் நாளை தன் நிரலை மாற்றலாம். அதனால் எனக்குப் பிடித்த வழி, கருவியையே கணினிக்குக் கொண்டுவந்துவிடுவது. தரவைப் பல விதமாக வடிவம் மாற்றித் தரும் சைபர்செஃப் (CyberChef) அப்படிப்பட்ட கருவி. பிரிட்டனின் ஜிசிஹெச்க்யூ உளவு அமைப்பு 2016இல் அதைத் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கும்படி, வெளியிட்டது. உளவுத்துறைக் கருவியா என்று தயங்க வேண்டாம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அது எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே டவுன்லோடு இணைப்பு உண்டு. ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும். இடப்பக்கப் பட்டியலிலிருந்து தேவையான வேலையை நடுவில் இழுத்துப் போடுங்கள். வலப்பக்கம் மேலே தரவு, கீழே விடை. பழக 1700000000 என்ற டைம்ஸ்டாம்பை (1970 தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணிய நேரம்) கொடுத்து, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள்: 2023 நவம்பர் 14, இரவு 10:13 என்று வரும். அது யுடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரப்படி மறுநாள் அதிகாலை 3:43.

வெறும் ஜேசனைப் படிக்க இதுகூட வேண்டாம். கோப்பை அப்படியே பயர்பாக்ஸில் இழுத்துப் போட்டால் அழகாக மடித்து விரித்துக் காட்டும்.

அப்புறம், இப்படித் தளங்களில் ஒட்டிப் பார்க்கிற இன்னொன்று ஜேடபிள்யூடி (JWT) டோக்கன்: உள்நுழைந்த பயனர் யார் என்று சர்வருக்குக் காட்டும் சீட்டு. புள்ளிகளால் பிரிந்த மூன்று துண்டுகள் கொண்ட நீள எழுத்து. பார்த்தால் பூட்டி வைத்ததுபோல் இருந்தாலும், யாரும் திருப்பி மாற்றிவிடக்கூடிய பேஸ்64 என்ற எழுத்து வடிவம்தான். கடலுக்குப் போகும்முன் படகுக்குத் தரும் அனுமதிச் சீட்டு மாதிரி: உள்ளதை யாரும் படிக்கலாம், கையொப்பமோ, சீட்டை வழங்கியவர் யார், அதில் உள்ளது மாற்றப்படவில்லை என்பதை மட்டும் உறுதி செய்யும். அதனால் கடவுச்சொல், ஆதார் எதையும் அதற்குள் வைக்காதீர்கள். காலாவதி ஆகாத உண்மையான டோக்கன் பிறர் கைக்குப் போனால், அவர் உங்கள் பயனராகவே உள்ளே நுழைந்துவிடலாம். ஏற்கெனவே எங்காவது ஒட்டியிருந்தால், அந்த டோக்கனை இன்றே சர்வரில் செல்லாததாக்கிவிடுங்கள்.