அமெரிக்காவில் ஆளுங்கட்சிக்கு அடி விழுமா? குமுளியில் உட்கார்ந்தே கணிக்கலாம்

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி வரும் ஜீப்புகள் நிற்கிற, கேரள எல்லைக் குமுளி டீக்கடைதான் எனக்கு அரசியல் பள்ளிக்கூடம். ஐந்து வருஷம் இவன், அடுத்த ஐந்து வருஷம் அவன் என்பது அங்கே பால பாடம். 1982க்குப் பிறகு 2016 வரை கேரளாவில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது, 2021இல்தான் பினராயி விஜயன் அதை உடைத்தார். அதனால் 2024 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் டிரம்பிடம் தோற்றபோது, "விவாதத்துல நல்லாத்தானே பேசுச்சு அந்தம்மா, அப்புறம் ஏன் மச்சான்?" என்று ஜீப் ஓட்டும் மாப்பிள்ளை கேட்டதற்கு நான் சொன்னது, பேச்சை விடு, கணக்கைப் பார் என்பதுதான். அந்தக் கணக்கைப் போடுவது இப்படி.

முதலில் பழி யார் தலையில் விழும் என்று பாருங்கள். அமெரிக்காவில் நாடாளுமன்றம் ஒரு கட்சியிடமும் அதிபர் பதவி இன்னொரு கட்சியிடமும் இருப்பது சகஜம், ஆனாலும் திட்டு விழுவது அதிபரின் கட்சிக்குத்தான். கம்பத்தை விடக் குமுளியில் பெட்ரோல் விலை கூடுதல் என்று மலையிறங்கிப் போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள், இதில் டெல்லி வரி எவ்வளவு, திருவனந்தபுரம் வரி எவ்வளவு என்றா பிரித்துத் திட்டுகிறார்கள்?

அடுத்தது விலை. இங்கேதான் படித்தவர்கள் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். டீ பத்து ரூபாயிலிருந்து பதினைந்து ஆகி, அடுத்த வருஷமும் பதினைந்திலேயே நின்றால் பொருளாதார நிபுணர் பணவீக்கம் பூஜ்யம் என்பார். குடிக்கிறவனுக்கு அந்தப் பத்து ரூபாய் மறக்காது. அமெரிக்காவில் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது, பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியதும் அதே மாதம். 2024 தேர்தல் நேரத்தில் பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்று அப்போது அதிபராக இருந்த பைடன் தரப்பு சொன்னது உண்மைதான், ஆனால் இறங்கியது ஏறுகிற வேகம் மட்டுமே, கடையில் ஏறிய விலை இறங்கவே இல்லை. அதே வருஷம் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியை இழந்தது, ஜப்பானில் ஆளுங்கட்சிக் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது, நம் நாட்டில் பாஜக 303இலிருந்து 240க்கு வந்தது. ஆகவே கமலாவின் தோல்விக்கு அவருடைய சிரிப்பைக் காரணம் சொல்கிற ஆளிடம் நேரத்தை வீணாக்காதீர்கள். 1980 விவாதத்தில் ரீகனும் சுற்றி வளைக்கவில்லை, நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைப் பார்த்துக் கேட்டார், அவ்வளவுதான். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகளில், அப்போது அதிபராக இருந்த கார்ட்டருக்குக் கிடைத்தது 49, ரீகனுக்கு 489.

முன்கூட்டி வரும் கருத்துக்கணிப்பை நம்பவே நம்பாதீர்கள். வளைகுடாப் போர் முடிந்த 1991 தொடக்கத்தில் அப்போதைய அதிபர் அப்பா புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு. மந்தநிலை அந்த மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று பின்னாளில் நிபுணர்கள் தேதி குறித்தார்கள், ஆனால் வேலையில்லாத் திண்டாட்டம் 1992 ஜூன் வரை ஏறிக்கொண்டே போய் 7.8 சதவீதத்தில் நின்றது. புது வரி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரியை வேறு கூட்டியிருந்தார். நவம்பரில் கிளின்டனிடம் தோற்றார்.

எத்தனை வருஷமாக நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ட்ரூமன் அதிபராக இருந்த காலத்துக்குப் (1945-53) பிறகு ஒரே கட்சி தொடர்ந்து மூன்று அதிபர் தேர்தல்களில் ஜெயித்தது ஒரே தடவை, 1988இல். எட்டு வருஷம் ஆனாலே சலிப்பு. 2008இல் அந்தச் சலிப்போடு லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் சேர, ஆளுங்கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் எழவே முடியவில்லை. ஆனால் அலை அடித்தாலும் அது எந்த மாநிலத்தில் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும்: 2016இல் ஆளுங்கட்சி வேட்பாளர் ஹிலாரி நாடு முழுக்க டிரம்பைவிட சுமார் 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து கிட்டத்தட்ட 78 ஆயிரம் ஓட்டு குறைந்ததில் பதவி போனது.

நம் ஊர்க்காரர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. அதிபரின் நாலு வருஷத்துக்கு நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் இடைக்காலத் தேர்தலை நம் இடைத்தேர்தல் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் இடைத்தேர்தல் என்றால் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்குத்தான். அங்கே தலைகீழ்! 2010இல் ஒபாமா கட்சி நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைப் பறிகொடுத்தது, 2018இல் டிரம்ப் கட்சிக்கு 40 போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதிபர் கட்சி அந்தச் சபையில் இடம் கூட்டியது 1998, 2002 ஆகிய இரண்டே இடைக்காலத் தேர்தல்களில். அதற்காக எல்லா உறுப்பினரும் மண்ணைக் கவ்வுவார்கள் என்று பந்தயம் கட்டாதீர்கள், மறுபடி நிற்கிற உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் அலையிலும் ஜெயித்துவிடுவார்கள்.

பந்தயம் என்றதும் ஞாபகம் வருகிறது. அவர்கள் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டால் நமக்குப் புதன் காலையில்தான் முடிவுகள் வர ஆரம்பிக்கும், மத்தியானத்துக்குள் பணத்தை எடு என்று யாராவது நச்சரித்தால் கொடுத்துவிடாதீர்கள். 2020இல் பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு உறைகளை வாக்குப்பதிவு நாளுக்கு முன் பிரிக்கவே சட்டம் விடவில்லை. பைடன் ஜெயித்ததாக ஊடகங்கள் சொல்லச் சனிக்கிழமை ஆகிவிட்டது.