எஸ்யூவியா, வேனா? குடும்ப வண்டி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பழைய கார் வாங்கி விற்கிறேன். "அண்ணாச்சி, வீட்டுல எட்டுப் பேரு. எஸ்யூவி எடுக்கவா, வேன் மாதிரி எடுக்கவா?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டு வருவார்கள். போன வாரம் வந்த தம்பி எஸ்யூவிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து கேட்டார். நான் தொழிலுக்கு வரும் முன்னால் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வட்டி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

டெஸ்ட் டிரைவுக்கு ஆம்பளைகள் மட்டும் போவது

நானும் அத்தானும்தான் போனோம். நாங்குநேரி வரைக்கும் நாலுவழிச் சாலையில் ஓட்டினோம். உயரமான சீட், முன்னால் போகும் லாரிக்கு அந்தப் பக்கம் வரை தெரிகிறது, இழுவை அருமை. ஏழு சீட் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே புக் பண்ணிவிட்டேன். பின் சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் பங்குனி உத்திரம் வந்தது. நம் பக்கத்தில் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போயாக வேண்டும். பொங்கல் பானை, சருவம் என்கிற அகன்ற பாத்திரம், அரிசி, காய்கறி, தண்ணீர் கேன், வாழை இலைக் கட்டு எல்லாம் வாசலில் வந்து நிற்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி. காலைத் தூக்கிப் படியில் வைக்க முடியவில்லை. அடுக்களையில் இருந்து முக்காலியைக் கொண்டு வந்து போட்டு, நான் ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஆச்சியால் அதுவும் முடியவில்லை. "எனக்கு ஆட்டோ புடிச்சிக் குடுங்கய்யா" என்றாள். அவளுக்குக் காட்டத்தான் அந்த வண்டியையே வாங்கியிருந்தேன்.

கடைசி வரிசையில் அத்தான் உட்கார்ந்தார். சேரன்மகாதேவி வருவதற்குள் முழங்கால் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று இறங்கி நின்றுகொண்டார். அந்த சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் சருவம் போகவில்லை. மடக்கினால் சருவம் போகிறது, இரண்டு பேருக்கு இடம் இல்லை. கடைசியில் வாடகைக்கு ஒரு வேன் பிடித்தோம். இரண்டரை வருஷத்தில் வண்டியை விற்றேன். கையை விட்டுப் போனது மூன்றரை லட்சம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

காரணம் ரொம்பச் சாதாரணம். பெரும்பாலான எஸ்யூவிகளில் மூன்றாவது வரிசை பின் அச்சுக்கு மேலே வருகிறது. அச்சுக்கும் டயருக்கும் இடம் விட அங்கே தளத்தை உயர்த்திவிடுகிறார்கள். தளம் உயர்ந்தால் கால் தொங்காது, முழங்கால்தான் மேலே வரும். பின் அச்சை ஒட்டி உட்காருபவருக்குக் குலுக்கலும் அதிகம். பாபநாசம் மலை ஏறும்போது முதலில் வாந்தி எடுப்பது பின்னால் இருக்கும் பிள்ளைகள்தான். வேன் சாயலில் செய்த வண்டிகளில் தளம் தாழ்வு, கூரை கடைசி வரை நேராகப் போகும். பெரியவர்கள் குனிந்து, தவழ்ந்து போக வேண்டியதில்லை.

என்னிடம் விற்பனைக்கு வரும் ஏழு சீட் எஸ்யூவிகளில் மூன்றாவது வரிசையைப் பார்க்கிறேன். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஷோரூமில் போட்ட பாலித்தீன் உறை அங்கே கிழியாமல் கிடக்கும். ஒருத்தரும் உட்காரவே இல்லை. அந்த இரண்டு சீட்டுக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தார்கள்!

வேன் சாயல் வண்டி என்றாலும் டிக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது மாருதி எர்டிகாவில் 209 லிட்டர் இடம், ரெனோ ட்ரைபரில் 84 லிட்டர்தான். 84 என்றால் பள்ளிக்கூடப் பை மூன்று வைக்கலாம்.

ஆகவே வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டு வருவார்கள். வெயில் நேரமாக இருக்கட்டும். ஆச்சியை யாரும் பிடிக்காமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். நின்ற வாக்கில் இடுப்பைச் சாய்த்தால் சீட்டில் உட்கார வர வேண்டும். அதுதான் சரியான உயரம். எல்லாரும் உட்கார்ந்து, சருவத்தை உள்ளே வைத்து, டிக்கியைச் சாத்தி, ஏசி போட்டு ஒரு பத்து நிமிஷம் தெருவைச் சுற்றி வாருங்கள்.

எஸ்யூவி என்றால் மணலிலும் போகும் என்ற நினைப்பு

இங்கே விற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு சக்கரம்தான் இழுக்கும். தேரிக்குடியிருப்புப் பக்கம் கோயிலுக்குப் போன ஒருவர், நிழல் பார்த்து செம்மணலில் இறக்கிவிட்டார். முன் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தது. உயரம் மழைப் பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் உதவும், மணலுக்கு உதவாது. நான்கு சக்கர இழுவை உங்களுக்கு வேண்டும் என்றால் அதைக் கேட்டு, அதற்கான காசு கொடுத்து வாங்குங்கள்.

வேன் என்றால் கண்ணை மூடி எடுப்பது

மாருதி ஈக்கோ போன்ற வண்டியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மூக்கு குட்டை, முன்னால் மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள இடம் குறைவு. இழுத்துத் திறக்கும் கதவு டவுன் ரத வீதி நெரிசலில் பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாரம் தவறாமல் நாலுவழிச் சாலையில் மதுரைக்கு ஓட்டுகிறவருக்கு அதை நான் சொல்வதில்லை. கேஸ் வண்டி எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வரி

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசி வரை பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசலுக்கு 1500 சிசி வரை. அதைத் தாண்டினால் 40. சீட் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மேலே கேரியர்

வேண்டாம். சுமை மேலே ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

ஒயிட் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்ததை, வாடகைக்கு விடுவது

கூடவே கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆடிக் காற்று

பணகுடி, காவல்கிணறு தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அங்கே அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. உயரமான வண்டி எதுவானாலும், எஸ்யூவியோ வேனோ, தள்ளும். லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

அட்வான்ஸ் கட்டிய தம்பியிடம், டெலிவரிக்கு முன்னால் வண்டியை மேலப்பாளையம் வீட்டுக்கு வரவழைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். அவர் அம்மாவை ஏற்றிப் பார்க்க நானும் போகிறேன்.